முதல் குடிசை

"ஒரே நிமிஷம்டா அருணு. இந்த போனப் பாத்து, நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்றோம்னு சொல்லிடு. நான் கெளம்பிடுறேன்."

செருப்பைக் கழற்றும்போதே கோபிநாத் விஷயத்துக்கு வந்துவிட்டான். இத்தனை வருஷம் கழித்து நெல்லித்தோப்பில் அந்த வீட்டுப் படியேறுகிறவன், உட்காரச் சொல்லும்வரைகூடப் பொறுக்கவில்லை. மரிய அருண் மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

காலேஜ் முடித்த கையோடு, இந்த முன்னறையில் உட்கார்ந்துதான் இருவரும் மூன்று வருஷம் மெனக்கெட்டு 'கலங்கரைத் தீவு' என்ற கம்ப்யூட்டர் கேமைச் செய்தார்கள். கதையும் படமும் அருண், புரோகிராம் கோபிநாத். சாப்பாடு, தூக்கம் எல்லாம் இருவருக்கும் இங்கேதான். கேம் சி.டி.யாக வந்தபோது அட்டையில் கோபிநாத் பெயர் மட்டும் இருந்தது. அதைக் காட்டி பெங்களூரில் வேலை வாங்கிக்கொண்டு போனவன்தான். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. அருண் இங்கேயே ஃபிளெக்ஸ் போர்டு டிசைன் செய்து காலத்தை ஓட்டினான்.

கேமை உலகம் மறந்துவிட்டது என்றுதான் கோபிநாத் நினைத்திருந்தான். ஆனால் அன்று பிரௌசிங் சென்டரில் அதை விளையாடிய பையன்கள் இன்று பாரீசிலும் டொராண்டோவிலும் கோயம்புத்தூரிலும் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். 'தோணிக்காரன்' என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் அவர்களை ஒன்று சேர்த்து, கேமைப் புதுசாகக் கொண்டுவர ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டார். கேட்டதற்கு மேலேயே குவிந்துவிட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். முதலில் செய்த இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். ஒன்றாக வீடியோவில் வந்து அதைச் சொல்லாவிட்டால் பணம் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும். இன்று கடைசி நாள்.

"அந்தாளு யாருன்னே தெரியல. கண்டிஷன்ல மட்டும் ரொம்ப கறாரு" என்று அலுத்துக்கொண்டான் கோபிநாத். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வேல போயி ரொம்ப நாளாச்சுடா. இந்த வயசுல எவனும் கூப்புட மாட்டேன்றான். இத விட்டா எனக்கு வேற எதுவும் இல்ல."

அது பொய்யில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை அட்டையில் உன் பெயர்தான் முதலில் என்று வாக்குக் கொடுத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீகூட ஏதோ மெசேஜ் போட்டிருந்தாய், வேலை நெருக்கடியில் திறந்து பார்க்கவே இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான். அருண் பரவாயில்லை என்றான். அவனுக்கும் மனசு இளகத்தான் செய்தது.

"வேற எதனா கேக்கணும்னு தோணுதா கோபி?"

"ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன்."

அருண் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த மொதல் குடிசை. அதத் தூக்கிடலாமா?"

கேம் தொடங்கியதும் ஒரு குடிசை வரும். உள்ளே ஓர் அம்மா கஞ்சி ஊற்றித் தருவாள். குடித்துவிட்டு, நல்லா இருக்கியாம்மா என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனாலும் அந்த நேரத்தில் ஒன்றும் ஆகாது. தீவெல்லாம் சுற்றி, புதிரெல்லாம் அவிழ்த்து, கடைசிக் கரையில் வந்து நிற்கும்போதுதான், அப்படிப் போனவனை ஏற்றிக்கொள்ளத் தோணிக்காரன் வரமாட்டான். ஏன் என்றும் கேம் சொல்லாது. அருண் ஆசையாக எழுதிய கட்டம் அது.

"இந்தக் காலத்துப் பசங்க அதுல மாட்டிக்கினா நம்மளதான் திட்டுவாங்க. கஞ்சி ஊத்துனவள எவன்டா ஞாபகம் வச்சிருப்பான்?"

அருண் இரண்டு நாற்காலியையும் பின்சுவரை ஒட்டி இழுத்துப் போட்டான். பிறகு, சரி, வீடியோவை எடு என்றான்.

கோபிநாத்துக்கு உயிர் வந்தது. போனை ஸ்டாண்டில் பொருத்தி, இருவரும் தெரிகிறார்களா என்று திரையைப் பார்த்து முகம் சுளித்தான். பின்சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே இருதய ஆண்டவர் படம் இருக்கும், பல்பு அணையாமல் எரியும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாததா?

"கண்ணாடில வெளிச்சம் அடிக்குதுடா. பல்ப மட்டும் நிறுத்திடு. ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரு." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

அருண் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தான். திரும்பி வந்து உட்காரவில்லை.

"கெளம்பு கோபி. என்னால முடியாது."

கோபிநாத் கெஞ்சினான். கையைப் பிடித்தான். கடைசியில் கோபம் வந்துவிட்டது. "இன்னும் அந்த அட்டைய மனசுல வச்சிக்கினு இருக்கியா?"

"அட்டைய நான் எப்பவோ மறந்துட்டேன்."

நீயும் உருப்பட மாட்டாய், அடுத்தவனையும் உருப்பட விடமாட்டாய் என்று திட்டிவிட்டு கோபிநாத் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு போனான். தெருமுனையில் அவன் ஆட்டோ பிடிக்கும் சத்தம் கேட்டது.

அருண் மறுபடி சுவிட்சைப் போட்டான். சிவப்பு வெளிச்சத்தில், ஆண்டவர் படம் இருந்த இடத்தில், அம்மா லூர்துசெல்வியின் படம் தெரிந்தது. மூன்று வருஷம் இருவருக்கும் ஒரே சட்டியிலிருந்து சோறு போட்டவள். படுக்கையில் கிடந்தபோதும் கோபி வருவானாடா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். அவள் போய்விட்டாள் என்பதைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மெசேஜில் எழுதியிருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ரசிகர் குழுவில் நிதானமாக டைப் செய்தான்:

"நண்பர்களே, இருவரும் சேரவில்லை. உங்கள் பணம் உங்களுக்கே திரும்ப வந்துவிடும். என்னை மன்னித்துவிடுங்கள். இப்படிக்கு, தோணிக்காரன்."