நடைமேடையில் நின்றவர்கள்

மேசைமேல் அவர் ஓட்டிக்காட்டிய குட்டி ரயிலைப் பார்த்து நண்பர்கள் வாயைப் பிளந்தார்கள். நடைமேடையில் விரல்நுனி உயரப் பயணிகள் அவர்களைப் பார்த்தபடி நின்றார்கள். எல்லாம் அவர் மனைவி இடுக்கியால் பிடித்து, சாயம் தீட்டி ஒட்டியவை. கோணலாக நின்ற குடைக்காரர் மட்டும்தான் அவரே ஒட்டியது.

"இத்தனை பொம்மையும் யாரு பண்ணது?"

"எல்லாம் ஐயாவோட கைவேலைதான்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காபியோடு வந்த மனைவி அதைக் கேட்டபடியே கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நண்பர்கள் கிளம்பியதும் ரயிலை நிறுத்த வந்தார். நடைமேடையில் எல்லோரும் அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒன்றைத் திருப்பப் பார்த்தார். பசை கல்லாக இறுகியிருந்தது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

குடைக்காரர் மட்டும் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.