இடது ஓரத்து மாப்பிள்ளை

தேசியக் கால்பந்து அணியின் கோச் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் ஒரே ஒரு சுவர். காதைப் பொத்திக்கொள்ள நானென்ன சாமியாரா?

மூன்று நாளாக அவர் மகள் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அதே அணியில் இடது ஓர ஆட்டக்காரன்.

"அப்பா, லிஸ்ட்டை இன்னொரு தடவை பாருங்களேன்."

"எத்தனை தடவைம்மா பாக்கறது? பின்னால நாலு, நடுவுல மூணு, முன்னால மூணு. முடிஞ்சுபோச்சு." அலுத்துப்போன குரல்.

"உங்க மாப்பிள்ளைங்கிறதையாவது நினைச்சுப் பாருங்கப்பா."

"அதை நினைச்சா நான் கோச்சா இருக்க முடியாது."

அப்பட்டமான சிபாரிசு! மதியத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்தேன்.

மறுநாள் டிவியில் அணியை அறிவித்தார்கள். மாப்பிள்ளையும் இருந்தான். அழுதே சாதித்துவிட்டாளே என்று விசாரிக்கப் போனேன். பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"கேட்டது கிடைச்சுதா கண்ணு?"

"எங்கக்கா கிடைச்சுது? இன்னொரு அடி பட்டா அவர் முட்டி அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டார். அவரானா கேக்க மாட்டேங்கறார். நீங்களாவது ஆட விடாம வெளில உக்கார வைங்கன்னு மூணு நாளா அப்பாகிட்ட கெஞ்சினேன்."

உள்ளேயிருந்து கோச்சின் குரல் வந்தது.

"இடது பக்கத்துக்கு வேற ஆள் இல்லம்மா."