பெட்டியின் குரலில்

நான்காம் மாடி பால்கனிச் சுவரின்மேல் எட்டு வயது பூர்விகா உட்கார்ந்து, வெளிப்பக்கமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பூர்வி, இறங்குடி!"

அம்மா தமயந்தி அலறியதும் அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். உடல் முன்னால் சாய்ந்தது.

"நீ பேசாத, அவளுக்கு ஆகாது. பெட்டியப் போடு!" என்றான் கணவன் சேது.

"சார்ஜ் இல்லைங்க."

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பெட்டி அது. தமயந்தியின் குரலிலேயே பேசும். ஆனால் சலிக்காது, கத்தாது, நடுங்காது. இரண்டு வருடமாகப் பூர்விகாவைப் பல் தேய்க்க வைப்பதும், சாப்பிட வைப்பதும், தூங்க வைப்பதும் அதுதான். வேலை முடிந்து களைத்து வரும் தமயந்திக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அவள் அழுகையை விழுங்கினாள். பெட்டி பேசுகிற மாதிரியே, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"பூர்வி. கை சுவர்ல. ஒரு கால் உள்ள. இன்னொரு கால் உள்ள. சமத்து."

காதிலிருந்து கைகள் இறங்கின. ஒரு கால் உள்ளே வந்தது. பிறகு மற்றொன்று.

தமயந்தி மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். பூர்விகா அவளைத் தாண்டி ஓடினாள். அலமாரியில் பேச்சற்றுக் கிடந்த பெட்டியை எடுத்துக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு, "அம்மா" என்றாள்.