நிலாவில் பிறந்தவளின் நட்சத்திரம்

பினாங்குக் கோயிலின் அர்ச்சனைச் சீட்டு இயந்திரம் நிரோஷினியின் நட்சத்திரத்தைக் கணக்கிட முடியாமல் நின்றது. பிறந்த இடம் நிலா என்று கொடுத்தால், அங்கிருந்து வானத்தில் அது நிலாவை எங்கே தேடும்?

"சாமி பேருக்கே செஞ்சிடுங்கண்ணே" என்றாள் அம்மா யோகாம்பிகை. நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு வழக்கமான வழி அதுதான்.

"என் பேருக்குத்தானே வந்தோம்?" என்றாள் நிரோஷினி. பன்னிரண்டு வயதில், பூமிக்கு இதுதான் அவளுடைய முதல் பயணம். "கப்பலேறி இங்கே வந்த பூட்டனோட பூட்டனுக்கே நட்சத்திரம் இருக்கு. எனக்கு மட்டும் இல்லையா?"

சீட்டுக்காரர் முனியாண்டி தலையைச் சொறிந்தார். "நீ பிறந்த நேரம் நிலா எந்த நட்சத்திரத்தில நின்னுச்சோ, அதான்மா உன் நட்சத்திரம். நீ நிலா மேலயே பிறந்தா நான் என்ன செய்ய?"

"மத்தவங்களுக்கு எங்கேருந்து பார்த்துச் சொல்வீங்க?"

"இங்கேருந்துதான்."

"அப்போ எனக்கும் இங்கேருந்தே பாருங்க அங்கிள். அன்னிக்கு நிலா எங்கே நின்னுச்சோ, அங்கேதானே நானும் இருந்தேன்!"

முனியாண்டி பிறந்த நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இடத்தை மட்டும் பினாங்கு என்று மாற்றினார். சீட்டு வெளியே வந்தது: நிரோஷினி, அவிட்டம்.