கொடியில் ஒன்பது பச்சைத் துண்டு

மெத்தென்ற துண்டு தரும் சுகத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். துர்காவைக் கேட்டால் விலை சொல்வாள்: கேன் தண்ணீர் நாற்பது ரூபாய், வினிகர் பதினைந்து, கல்லுப்பு ஒரு கைப்பிடி, இடுப்புவலி தனி.

அந்தச் சுகத்தைத்தான் எவளோ ஒருத்தி வாராவாரம் கொடியிலிருந்து அடித்துக்கொண்டு போகிறாள்.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வெயிலில், முடிச்சூர் ஃப்ளாட்ஸ் மொட்டைமாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் துர்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் சந்தேகப்பட்ட ஆளே உட்கார்ந்திருந்தாள். முதல் மாடி ஞானம்மாள்.

"குரூப்ல பேர் சொல்லாம போட்டியே, அது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நகரு, நானும் உக்காரறேன். எவ வராளோ ரெண்டு பேருமா பாத்துடுவோம்" என்று சொல்லித்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் மாடி தேவானந்தம் சார் செய்த வேலை இது. கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்கு ஒரு பச்சைத் துண்டு கொடுத்தார். மொத்தமாக எடுத்தால் மலிவு என்று ஒரே நிறம், ஒரே அளவு. ஒன்பது துண்டும் கொடியில் வரிசையாகத் தொங்கினால், நெய்தவனே வந்தாலும் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

தொட்டால் தெரியும்.

அந்த பில்டிங் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயப்போட்ட துண்டு இரண்டு மணி நேர வெயிலில் அப்பளம் ஆகிவிடும். மடித்தால் சத்தம் கேட்கும். துர்கா மட்டும் உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்து, கடைசி அலசலுக்குக் குடிக்கிற கேன் தண்ணீரைக் கவிழ்த்து, நாலு உதறு உதறி, படிக்கட்டு நிழல் விழுகிற இடமாகப் பார்த்துக் காயப்போடுவாள். காய்ந்த துண்டு பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

மூன்று செவ்வாய்க்கிழமையாக, எடுக்கப் போனால் அவள் க்ளிப்பில் பூனைக்குட்டி இல்லை. அப்பளம். எண்ணிக்கையும் குறையவில்லை. அந்த அப்பளத்தையும் அவள் விடாமல் ஊறவைத்து, பக்குவம் பண்ணிப் பூனைக்குட்டி ஆக்கினாள். அடுத்த வாரம் அதுவும் போயிற்று.

நேற்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டாள்: நாளை மதியத்துக்குள் ஆளைப் பேரோடு போடுகிறேன். எட்டு வீடும் கட்டைவிரல் காட்டியது. இனி பேர் வராவிட்டால், அசோசியேஷன் மீட்டிங்கில் துர்கா வாயைத் திறக்க முடியாது.

படியில் செருப்புச் சத்தம்.

இரண்டு பேரும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வந்தது சுப்பராயலு. துர்காவின் புருஷன். மதியம் ஷிப்டுக்குப் போக வேண்டியவர், குளிக்கிறதுக்கு முன்னால் லுங்கியும் வெற்றுடம்புமாக.

தன்னைத் தேடித்தான் வந்திருக்கிறார் என்று துர்கா எழுந்திருக்கப் போனாள்.

சுப்பராயலு இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தன் வீட்டுத் துண்டை இரண்டு விரலால் தொட்டு, சர்க்கரை போடாத காபியைக் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். பிறகு நேராக ஞானம்மாளின் துண்டுக்குப் போனார். க்ளிப்பை எடுத்ததும் அது விறைப்பாக நின்றது.

இரண்டு முனையையும் பிடித்து முதுகில் போட்டார். இழுத்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

வண்டலூர் கரடி மரத்தில் முதுகு தேய்க்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்… அப்பாடா."

பதினாறு வருஷக் கல்யாணத்தில் துர்கா அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக்கூட.

அப்புறம் மெத்தென்ற துண்டை ஞானம்மாள் க்ளிப்பில் மாட்டினார். கரகரத் துண்டைத் தன் வீட்டு க்ளிப்பில் மாட்டினார். ஓரம் பிசகாமல் இழுத்துச் சரி பண்ணினார். விசிலடித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

துர்கா தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும், அது தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

ஞானம்மாள் எழுந்து போய், தன் க்ளிப்பில் இருந்த துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது.

"அப்போ இது மிஷின் பண்ண வேலை இல்லையாடி? எம் பையன் பிரிட்டோ வாங்கிக் குடுத்த புது மிஷின்ல துண்டு பஞ்சாட்டம் வருதுன்னு சர்ச் பூரா சொல்லிட்டேனே! என் பேச்சைக் கேட்டு அங்க வர ஜான்சி தவணையில அதே மிஷின் எடுத்துட்டா."

துர்கா மெல்ல நிமிர்ந்தாள். கையில் போன் துடித்தது. தேவானந்தம் சார்: பேர் என்ன மேடம்?

"அக்கா, காத்து மாத்திப் போட்டுடுச்சுன்னு போட்டுடவா?"

"போடு போடு. பலத்த காத்துன்னு போடு."

போட்டாள். முதல் கட்டைவிரல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த ஞானம்மாளிடமிருந்து வந்தது.

கீழேயிருந்து குரல் கேட்டது.

"துர்கா! துண்டு எடுத்துட்டு வாம்மா!"

துர்கா கரகரத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஒரு கணக்கு. துண்டுக் கணக்கு: போனது நாலு, வந்தது நாலு, நேர். வாய்க் கணக்கு: ஞானம்மாள் திறக்க மாட்டாள், துர்காவும் திறக்க மாட்டாள், நேர்.

முதுகுக் கணக்கு மட்டும் பாக்கி.