ஓடைக்கு அந்தப் பக்கம்

“இன்னும் ஒரே ஒரு மேடுதான் டாக்டரே! அதைத் தாண்டினா பைத்தித்தி. இல்லேன்னா என் பேரை மாத்திக்கிறேன்” என்றான் சிப்ரியானோ, வெட்டுக்கத்தியால் மேற்கே காட்டி.

அவன் மனைவி எர்மெலிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக இதே பேச்சு. மழை நின்றதும் லிமாவிலிருந்து, பழைய ஊர்களைத் தோண்டி ஆராயும் டாக்டர் எவனாவது வந்து இறங்குவான். இன்கா ராஜாக்கள் ஒளித்து வைத்த பைத்தித்தி நகரத்தைக் காட்டுகிறேன் என்று இவனும் காட்டுக்குள் கிளம்பிவிடுவான். வயலில் உருளைக்கிழங்கு அழுகும். இந்தத் தடவை புருஷனைக் கையோடு வீடு சேர்ப்பதென்றுதான், சமையல் வேலைக்கு ஒப்புக்கொண்டு அவளும் வந்திருந்தாள்.

“பேசிக்கிட்டே இருங்க, சோறு தானா வெந்துடும்” என்று முணுமுணுத்தவள், விறகு பொறுக்க ஓடையைத் தாண்டினாள்.

நூறடி போயிருப்பாள். கொடியை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர்! ஊசிகூட நுழையாதபடி இழைத்து அடுக்கிய கல். அதற்குப் பின்னால் வாசல், படிகள், மறுபடி சுவர். சுவரின் மேல், மலைக் கணவாயில் வழிப்போக்கர்கள் சாமிக்கு வைப்பதுபோல், கூழாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. முன்னோர்கள் வைத்தவை என்று நினைத்து, மூன்று கோகா இலைகளை ஊதிப் பக்கத்தில் காணிக்கையாக வைத்தாள்.

டாக்டரிடம் சொன்னால், பாட்டன் பூட்டன் எலும்பையெல்லாம் தோண்டிப் பெட்டியில் அடைப்பார்கள். புருஷன் இனி வீட்டுப் பக்கமே வரமாட்டான்.

திரும்பி வந்ததும் டாக்டர் பாராஸா பரபரத்தார். “அந்தப் பக்கமா போனே? என்னம்மா இருக்கு?”

“வெறும் சேறு டாக்டரே. இடுப்பளவுக்கு.”

அவர் வரைபடத்தில் அந்த இடத்தை அடித்தார். அரிசியும் தீர்ந்துபோயிருந்தது. “போதும்ப்பா. ஊருக்குக் கிளம்புவோம்.”

மூட்டை கட்டும்போது எர்மெலிந்தாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதற்காகவே காடு மேடெல்லாம் அலைந்தவனுக்கு இப்படியொரு துரோகமா? டாக்டர் முன்னால் நடந்ததும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பொய் சொல்லிட்டேன்யா. அங்க சேறு இல்ல. நீ தேடுற ஊருதான் இருக்கு. நீ என்னைத் தலைமுழுகினாலும் சரி, அவர்கிட்ட மட்டும் சொல்லாதே.”

சிப்ரியானோ டாக்டரின் முதுகை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

“மெதுவாப் பேசுடி. ஆறு வருஷமா நானும் வர்றவங்ககிட்ட சேறுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”