உறைக்கிறதா, உறைக்காததா?

“அந்த வண்டி வேண்டாம் அத்தை. கையைக்கூடக் கழுவாம விப்பாங்க. முனையில நல்ல ஐஸ்கிரீம் கடை இருக்கு, வாங்க” என்று எல்வீராவின் கையைப் பிடித்து இழுத்தாள் யரேலி.

எல்வீரா நகர்வதாக இல்லை. தொலூக்கா சதுக்கத்தின் மாலைக் குளிரில் வேகிற சோளத்தின் ஆவி அடித்ததுமே அவளுக்கு வாய் ஊறிவிட்டது.

“தெருவுல நின்னு எலோத்தே சோளம் தின்னா கிரீடம் கழண்டு விழுந்துடுமா? என் பையன் சரியான மகாராணியாத்தான் புடிச்சிருக்கான்!”

யரேலிக்கு முகம் சுண்டிப்போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்வீரா தன் மகன் ரமீரோவுக்காகப் பெண் கேட்டு வருகிறாள். யரேலியின் அம்மா தூரத்து மான்டெர்ரேயில் அண்ணனோடு இருப்பதாகச் சொல்லியிருந்ததால், பேச்சு சித்தி வீட்டில் என்று ஏற்பாடு. இந்த நேரத்தில் மாமியார் மனம் கோணினால் கல்யாணம் கையை விட்டுப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

வண்டிக்காரிக்குக் காது நன்றாகவே கேட்கும் போலிருக்கிறது. செம்பில் தண்ணீர் மொண்டு இரண்டு கைகளையும் கழுவினாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, நிதானமாகக் கழுவினாள். யரேலிக்குக் காது மடல் வரை சூடேறியது. கொஞ்ச நேரம் முன்னால் பேசிய நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

“சொல்லுங்கம்மா. மயோனைஸ் தடவட்டுமா? சீஸ் நிறையவா, கொஞ்சமா? எலுமிச்சை தேய்க்கலாமா? பொடி உறைக்கிறதா, உறைக்காததா?”

“எல்லாத்தையும் போடுங்க. பொடி உறைக்கிறதே இருக்கட்டும்.”

“அப்புறம் உறைக்குதுன்னு என்னைத் திட்டக் கூடாது.”

“நான் மாமியாராகப் போறவ. எனக்கா உறைக்கும்?”

இருவரும் சிரித்தார்கள். யரேலி சிரிக்கவில்லை.

பக்கத்தில் நின்ற தபால்காரரிடமும் வண்டிக்காரி அத்தனை கேள்விகளையும் ஒன்று விடாமல் கேட்டு, அவர் சொன்னபடி செய்து கொடுத்து அனுப்பினாள். பிறகு இளசான ஒரு கதிராகத் தேடி எடுத்துக் குச்சியில் குத்தி, உப்பும் எலுமிச்சையும் மட்டும் தேய்த்து நீட்டினாள்.

“இந்தாங்க மேடம்.”

அந்த ‘மேடம்’ யரேலியின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. வாங்கிக் கடித்தாள். விழுங்க முடியவில்லை. நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

எல்வீரா மென்றபடியே தன் கதிரைப் பார்த்தாள். யரேலியின் கதிரைப் பார்த்தாள்.

“ஏங்க, என்கிட்ட அவ்வளவு கேட்டீங்க. இவகிட்ட ஒண்ணுமே கேக்கலையே?”

“அது… கூட்டத்துல மறந்துட்டேங்க.”

வண்டியைச் சுற்றி இவர்கள் இரண்டு பேரைத் தவிர ஆளே இல்லை. வண்டிக்காரி பானை மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். யரேலியின் கண்ணீர் கையிலிருந்த கதிர் மேலேயே சொட்டியது.

எல்வீரா வாயைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்காரியின் ஈரக் கையை எட்டிப் பிடித்தாள்.

“ஞாயித்துக்கிழமை எந்த வீட்டுக்கு வரணும், சம்பந்தி?”